பைக்கில் ஏறினாலே படபடப்பு… விபத்து பயத்திலிருந்து மீள்வது எப்படி?

"எனக்கு வயது 34. மேடவாக்கத்தில் வசிக்கிறேன், ஆபீஸ் துரைப்பாக்கத்தில். நான்கு மாதங்களுக்கு முன்பு கணவரோடு பைக்கில் போகும்போது, ரேடியல் ரோட்டில் முன்னால் போன தண்ணி லாரி சடன் பிரேக் போட்டதில் சறுக்கி விழுந்தோம். அவருக்குச் சிராய்ப்பு. எனக்குக் காறை எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. எலும்பு கூடிவிட்டது. ஆனால், பைக் பக்கம் போனாலே உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. காரில் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிக்கிறேன். லாரி ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தக் காட்சி கனவில் வருகிறது. படுக்கையில் திரும்பிப் படுத்தால் தலை சுற்றுகிறது. 'நான்தானே ஓட்டுறேன், உனக்கு என்ன பயம்?' என்று கணவர் கோபப்படுகிறார். மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார் மாமியார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்

பதில் சொல்கிறார் சென்னையைச் சேர்ந்த மனநல ஆலோசகர்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது பயத்தில் அல்ல, படுக்கையில் திரும்பினால் தலை சுற்றுகிறது என்ற வரியில். தலையில் அடிபட்டவர்களுக்கு உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் மாறிவிடுவது உண்டு. தலையைத் திருப்பும்போது சில நொடிகள் உலகமே சுழலும். பைக்கில் திரும்பிப் பார்க்கும்போது இது வந்தால், அதையும் பயம் என்றே எடுத்துக்கொள்வீர்கள். எனவே முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். துகள்தான் காரணம் என்றால், தலையைக் குறிப்பிட்ட விதமாகச் சாய்த்துச் செய்யும் எளிய சிகிச்சையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். தொடர்ந்து தலைவலி, வாந்தி, மறதி இருந்தால் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். உடம்பில் இருக்கும் கோளாறை மனதின் தலையில் கட்டக் கூடாது.

இப்போது பயத்துக்கு வருவோம். விபத்து நடந்த சில நொடிகளில் மூளை ஒரு பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டது: லாரி ஹாரன், பிரேக் சத்தம், பின்சீட், எல்லாமே ஆபத்து. அமிக்டலா என்ற சிறு பகுதி அந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்துவிடும். கால் தானாக பிரேக்கை மிதிப்பது இதனால்தான். பைக் ஓட்டுகிறவரைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பயம் கூடுதலாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹேண்டில்பார் அவர் கையில். உங்கள் கையில் எதுவும் இல்லை. அதனால் 'நான்தானே ஓட்டுறேன்' என்ற வார்த்தை உங்களுக்கு ஆறுதலாக இருக்காது. அது அன்பில்லாத வார்த்தையும் இல்லை. 'என்னால்தானே இவளுக்கு இப்படி ஆச்சு' என்ற குற்ற உணர்ச்சி அவருக்குள்ளும் இருக்கலாம். ஒருநாள் உட்கார்ந்து அதைப் பேசிவிடுங்கள்.

விபத்துக்குப் பின் முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், விலகி ஓடுதல் மூன்றும் நீடித்தால் அது விபத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. நேரில் பார்க்காமல் நான் முத்திரை குத்த முடியாது. ஆனால் ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.

பயத்துக்குத் தீனி போடுவது எது தெரியுமா? தவிர்த்தல். பைக்கில் ஏறாமல் வீட்டுக்குள் திரும்பும் அந்த நொடியில் பெரிய நிம்மதி கிடைக்கிறது. 'ஏறாததால்தான் தப்பித்தேன்' என்று மூளை அதையும் ஒரு பாடமாக எழுதிக்கொள்கிறது. முதலில் ரேடியல் ரோடு வேண்டாம், பிறகு பைக் வேண்டாம், பிறகு ஆட்டோ வேண்டாம் என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கண்ணை இறுக மூடிக்கொள்வது, கணவரின் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொள்வது, வழி முழுக்க போனில் பேசிக்கொண்டே வருவது, இவையும் மறைமுகத் தவிர்த்தல்தான்.

இதை அவிழ்க்கும் வழி, படிப்படியாக எதிர்கொள்வது. ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் 1950-களில் முறைப்படுத்திய சிகிச்சையின் வழிவந்தது இது. ஒரு நோட்டில் உங்களைப் பயமுறுத்தும் சூழல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்க, சும்மா பக்கத்தில் நிற்பது 20 என்று வைத்துக்கொள்வோம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஓட, பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது 35. தெருமுனை வரை மெதுவாகப் போய் வருவது 50. ஞாயிறு காலை 6 மணிக்கு, தண்ணி லாரிகள் மொய்க்கும் முன்பு, மேடவாக்கம் கூட்ரோடு வரை போவது 65. விபத்து நடந்த இடத்தைக் காரில் கடப்பது 80. பைக்கில், அதுவும் ஆபீஸ் நேரத்தில் கடப்பது 100. மேலிருந்து தொடங்காதீர்கள். 'ஒரேயடியா கூட்டிட்டுப் போனா எல்லாம் சரியாயிடும்' என்று வீட்டில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தயாராகாதவரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால் பயம் இன்னும் ஆழமாக இறங்கிவிடும்.

ஒரு படியை ஒருமுறை செய்தால் போதாது. வாரத்தில் நான்கைந்து நாள், ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம். தொடங்கும்முன் மனம் சொல்வதை நோட்டில் எழுதுங்கள்: 'நிச்சயம் விழுவோம்', 'மூச்சு நின்றுவிடும்'. முடிந்ததும் உண்மையில் நடந்ததை எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான் மருந்து. படபடப்பு குறையாமல் போகும் நாளும் வரும். படபடப்போடேயே இருந்து முடித்தீர்கள் அல்லவா, அதுவும் கணக்கில் சேரும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடுவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். அது பயத்தை விரட்டாது, அந்த இடத்தில் இருக்கத் தெம்பு தரும்.

கணவரிடம் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. 'பிரேக் போடுறேன்', 'லெஃப்ட் எடுக்கிறேன்' என்று முன்பே அவர் சொல்ல வேண்டும். தோளில் நீங்கள் இரண்டு முறை தட்டினால் ஓரமாக நிறுத்த வேண்டும். ஆனால் உடனே வீட்டுக்கு வண்டியைத் திருப்பக் கூடாது. ஐந்து நிமிடம் நின்று, பயம் இறங்கியபின் கொஞ்ச தூரமாவது முன்னால் போய்விட்டுத் திரும்புங்கள். முன்னால் போகும் லாரியை ஒட்டிக்கொண்டு ஓட்டுவதையும் அவர் விட வேண்டும். சென்னை ரோட்டில் பயப்பட உண்மையான காரணங்களும் இருக்கின்றன. பயம் பூஜ்யமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஜாக்கிரதை மிஞ்சட்டும். ஹெல்மெட்டின் வாரை இருவரும் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு பக்கமாக உட்காராமல், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள்.

கெட்ட கனவுகளுக்கு நோட்டுப் பயிற்சி மட்டும் போதாது. அந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் பேசிப் பேசி நீர்க்கச் செய்யும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும் நல்ல பலன் தருபவை. பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் போதும். மாத்திரை தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். பைக்கில் ஏறும்முன் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை ஒன்று போட்டுக்கொள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழக்கமாகிவிடும் அபாயம் ஒருபக்கம். மூளை புதிய பாடம் கற்பதையும் அது தடுத்துவிடும். ஏற்கெனவே தினமும் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள்.

எங்கே போவது? தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாது என்றால், ராஜீவ் காந்தி, ஸ்டான்லி போன்ற அரசு பொது மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் வெளிநோயாளியாகப் பார்க்கலாம். 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரையே கேலியாக்கிவிட்ட ஊர் இது. அந்தக் கேலியால் சிகிச்சைக்குப் போகாமலே இருந்தவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. 1794-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் வாசலை மிதிக்க வெட்கப்பட எதுவுமில்லை. தூக்கமில்லாத ஒரு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மாமியார் சொல்லும் கயிறு? கட்டிக்கொள்ளுங்கள். அவரும் உங்களுக்காகத்தான் தவிக்கிறார். கயிறு இருந்தால்தான் பைக்கில் ஏறுவேன் என்ற நிலை வரும்போது மட்டும், ஒருநாள் அதைக் கழற்றி வைத்துவிட்டும் ஒரு சுற்று போய் வாருங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். விட்டால், நான் மேலே சொன்ன அந்த வட்டம் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மட்டும், நெரிசல் இல்லாத நேரத்தில் வந்து போக அனுமதி கேளுங்கள். முழுக்க வீட்டிலிருந்தே வேலை வேண்டும் என்று கேட்காதீர்கள். பைக் பழகும் வரை பஸ்ஸில் போங்கள். முதல் வாரம் யாராவது துணைக்கு வரட்டும். இன்று சாயங்காலம் கணவர் வந்து வண்டியை நிறுத்தியதும், இன்ஜின் சூடு ஆறும் முன்பு கீழே இறங்கிப் போய் அதன் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். நோட்டில் போட வேண்டிய முதல் மதிப்பெண் அங்கே கிடைக்கும்.