ஹஷீஷும் மறைஞானமும்: கேள்வி பதில்

பிரபா: ஐயா, ஆங்கில மறைஞானி அலீஸ்டர் குரோலி வட்டத்தின் போதை எழுத்துகளை எதிலிருந்து தொடங்கலாம்?

1909 மார்ச்சில் அவர் தொடங்கிய ‘தி ஈக்வினாக்ஸ்’ இதழின் முதல் நான்கு எண்களிலிருந்து. ‘ஆபத்தான மூலிகை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு தொடர் வந்தது. முதல் பகுதி, வினரே என்ற லண்டன் மருந்தாளுநர் எழுதிய கஞ்சா (ஹஷீஷ்) பற்றிய மருந்தியல் கட்டுரை. இரண்டாவதை ‘ஆலிவர் ஹாடோ’ என்ற பெயரில் குரோலியே எழுதினார். அவரை நக்கலடித்து சாமர்செட் மாம் 1908-இல் எழுதிய நாவலின் வில்லன் பெயர் அது; குசும்புக்காரர். மூன்றாவது பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் எழுதியதன் மொழிபெயர்ப்பு, நான்காவது அமெரிக்கர் லட்லோ தன் ஹஷீஷ் அனுபவத்தைச் சொன்ன 1857 நூலிலிருந்து எடுத்தது. பலரும் வினரேயைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சரக்கு என்னவென்று தெரியாமல் தரிசனத்தைப் பேசிப் பயனில்லை.

கனிமொழி: ஒருவர் சொர்க்கம் கண்டேன் என்கிறார், இன்னொருவர் ஒன்றுமே ஆகவில்லை என்கிறார். ஏன்?

லட்லோவையே பாருங்கள். முதலில் 10 கிரெயின் கஞ்சாச் சத்து விழுங்கினார், ஒன்றுமில்லை. ஐந்தைந்தாகக் கூட்டி 30 கிரெயின் வரை போனார், கிட்டத்தட்ட 1.9 கிராம். பிரிட்டிஷ் மருந்துநூல் சொன்ன அளவோ கால் முதல் ஒரு கிரெயின்! மாலையில் நண்பர் வீட்டில் பாட்டும் பேச்சுமாக இருக்கிறார், மணி பத்து அடிக்கிறது, மூன்று மணி நேரமாகியும் அறிகுறியே இல்லை. அதன் பிறகுதான் தாக்கியது.

விழுங்கிய சரக்கு வயிறு, கல்லீரல் வழியாகப் போக வேண்டும். எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. இன்னும் ஏறவில்லையே என்று மேலே மேலே விழுங்குவதுதான் வழக்கமான விபத்து. அதைவிடப் பெரிய சிக்கல், சத்தின் வீரியம் புட்டிக்குப் புட்டி மாறியது, நாள்பட்டால் குறைந்தது. அதன் முக்கிய வேதிப்பொருள் 1964-இல்தான் தூய்மையாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் பார்க்-டேவிஸ் நிறுவனம் நாய்க்குக் கொடுத்து, அது தள்ளாடுவதைப் பார்த்து வீரியம் கணித்தது. ஆகவே இரண்டு நூல்களின் கிரெயின் கணக்கை ஒப்பிடவே வேண்டாம்.

முருகேசன்: பாரீஸ் ஹஷீஷ் சங்கமும் மறைஞானக் குழுவா?

இல்லை. 1840-களில் பாரீஸின் ஓட்டல் பிமோதான் என்ற மாளிகையில் கூடியவர்கள் எழுத்தாளர், ஓவியர், மருத்துவர் மொரோ. அவர்கள் தின்றது தவாமெஸ்க் என்ற பச்சை லேகியம். போதலேர் அங்கே எப்போதாவது வந்து வேடிக்கை பார்த்தவர் என்றே அந்தச் சங்கத்து எழுத்தாளர் கோத்தியே எழுதுகிறார். ஆனால் மறைஞானிகள் எதைக் காண வேண்டும் என்று எதிர்பார்த்ததே இவர்கள் எழுத்திலிருந்துதான்.

சுபா: குரோலி இதை யோகத்தோடு சேர்த்தது எப்படி?

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். குரோலியின் குரு ஆலன் பென்னட் ஆஸ்துமாக்காரர். அபின், மார்ஃபின், கோக்கெய்ன், குளோரோஃபார்ம் என மாற்றி மாற்றி எடுத்தார் என்கிறார் குரோலி. 1900-இல் இலங்கை போய், நான் சொன்ன நம்மவரான தமிழர் பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் கற்றார், அவர் பிள்ளைகளுக்குப் பாடமும் சொன்னார். 1901-இல் குரோலி வந்து சேர, இருவரும் கண்டியில் பயிற்சி செய்தார்கள். குரோலியின் ஹாடோ கட்டுரை ஹஷீஷின் விளைவை மூன்றாகப் பிரிக்கிறது: முதலில் மெல்லிய கிளர்ச்சி, பிறகு காட்சி மயக்கம், கடைசியில் தூக்கம். தியானம் வறண்டு நிற்கும்போது தள்ளிவிட முதலாவது உதவும் என்பது அவர் வாதம். தியானத்துக்கு அது ஈடு என்று அவர் சொல்லவில்லை. இணையத்தில் சுற்றும் மேற்கோள்கள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன.

பிரபா: அவர் போதையை விட்டாரா?

போதை அடிமைகளைப் பற்றிய தன் 1922 நாவலில் மனவுறுதி இருந்தால் விடலாம் என்று முடித்தார். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஹெராயின் 1947-இல் சாகும்போதும் கூடவே இருந்தது. நாவலை அதே ஆண்டு அவர் எழுதிய நாட்குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்: தனக்குத் தானே விதி போடுகிறார், பிறகு அதை மீறச் சாக்கும் எழுதிவைக்கிறார்.