மாமியின் லவ் கேக்கும் பன்னீர் மணமும்

கல்யாணமாகி நாலு வருஷம், நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மாமி செய்யும் லவ் கேக் (ரவையும் கஜுவும் போட்ட நம் இலங்கைக் கேக்) சோப்பு மாதிரி இருக்கிறது, டிஷ்யூவில் சுற்றி ஒளித்துவைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கேக்கில் விடும் ரோஜாப் பன்னீரின் வேலை. சோப்பிலும் பவுடரிலும் ரோஜா வாசம் சேர்ப்பதால் சிலருக்கு நாக்கு அப்படித்தான் சொல்லும், மாமியின் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை.

தயவுசெய்து இனி ஒளிக்காதீர்கள். எனக்கு அம்மம்மாவின் லவ் கேக்கில் பூசணித் தோசி, அதுதான் சீனிப்பாகில் போட்ட பூசணித் துண்டு, பிடிக்காது, ஒவ்வொரு துண்டாகக் கிண்டி எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டிவைப்பேன். அவ திட்டவில்லை. அடுத்த வருஷம் ரவையும் கஜுவும் (முந்திரி) முட்டை மஞ்சள் கருவும் சீனியும் சேர்ந்த கலவையில் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து, தோசி போடாமல் சின்னத் தட்டில் வைத்து எனக்கென்று சுட்டுத் தந்தா. மேலே கருஞ்சிவப்பாய் மொறுமொறுவென்று, உள்ளே ஈரமாய், ஓரத்தில் சீனி உருகி ஒட்டிக்கொண்டு... இன்றைக்கும் அந்த ஓரத் துண்டுதான் எனக்கு நத்தார்.

நீங்களும் அதையே கேளுங்கள். பன்னீரை விடுவதற்கு முன் ஒரு கிண்ணம் கலவையை எடுத்துவைத்தால் போதும், ஏலக்காயும் சாதிக்காயும் தேசிக்காய்த் தோலும் மணத்துக்குத் தாராளம். ஆனால் விருந்தாளிகள் முன்னால் சாப்பாட்டு மேசையில் சொல்லாதீர்கள், கணவரையும் தூது அனுப்ப வேண்டாம். மாமி கஜு வெட்ட உட்காரும் நாளில் நீங்களும் ஒரு கத்தியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, எனக்குப் பன்னீர் மட்டும் ஒத்துவரவில்லை, மற்றதெல்லாம் பிடிக்கும்" என்று சொல்லுங்கள். அப்புறம் என்ன ஆனது என்று கட்டாயம் எழுதுங்கள்.