மணி சொன்னால் கேட்காத சர்வர்

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரின் கடிகாரம் 22 நிமிடம் பின்னால் ஓடுகிறது. நெட்வொர்க்கில் இருக்கும் டைம் சர்வரிடம் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் என்டிபிடி (ntpd) சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் பச்சையாக 'ஆக்டிவ்' என்று காட்டுகிறது, சில நிமிடம் கழித்துப் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி சாவு. மூன்று நாளாக இதே கூத்து. கான்ஃபிக் ஃபைலில் ஒரு தப்பும் தெரியவில்லை.

பதில்: கான்ஃபிக்கை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 22 நிமிடம் என்றால் 1320 விநாடி. என்டிபிடிக்கு 1000 விநாடி என்று ஓர் எல்லை உண்டு. வித்தியாசம் அதைத் தாண்டினால் 'இது சாதாரணப் பிசகு இல்லை, நான் கை வைக்க மாட்டேன், நீங்களே திருத்துங்கள்' என்கிற பொருளில் சிஸ்லாகில் (சிஸ்டத்தின் பதிவு ஃபைலில்) ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறிவிடும். அந்த வரியை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது என்று நினைக்கிறேன்! முதல் சில நிமிடம் உயிரோடு இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு பதிலை நம்பி அது முடிவெடுக்காது, நாலைந்து சாம்பிள் சேரும்வரை காத்திருக்கும்.

சர்வீஸை நிறுத்திவிட்டு என்டிபிடியை ஜி, க்யூ (-g, -q) என்ற இரண்டு ஆப்ஷனோடு கையால் ஒரு தடவை ஓட்டுங்கள். ஜி போட்டால் முதல் தடவை மட்டும் எவ்வளவு பெரிய தாவலையும் அனுமதிக்கும், க்யூ போட்டால் நேரத்தைச் சரிசெய்த கையோடு முடித்துக்கொள்ளும். அப்புறம் சர்வீஸைக் கிளப்புங்கள், ஸ்டார்ட்டப் ஆப்ஷனிலும் ஜி-யை நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் தாவ வைப்பதற்கு முன் டேட்டாபேஸையும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானையும் நிறுத்துவது நல்லது. உங்களுக்காவது முன்னால் தாவுகிறது, பரவாயில்லை. பின்னால் தாவினால் இன்னும் வம்பு: டவ்காட் மெயில் சர்வரின் பழைய வெர்ஷன்கள், நேரம் பின்னோக்கிப் போனதைக் கண்டால் தாமாகவே நின்றுவிடும்.

சரி, 22 நிமிடம் எங்கே போனது? எனக்கு அதுதான் பெரிய கேள்வி. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டுகிற கிரிஸ்டல் 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50 பங்கு) பிசகுகிறது என்று வைத்தால்கூட நாளைக்கு 4.3 விநாடிதான். அந்த வேகத்தில் 22 நிமிடம் பின்தங்கப் பத்து மாதம் வேண்டும். அதனால் ஒன்று, பத்து மாதமாக யாரும் கவனிக்கவில்லை. இல்லையென்றால் ஒரே நாளில் தொலைந்த நேரம் அது. விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் யாராவது சஸ்பெண்ட் செய்து எழுப்பினார்களா என்று கேளுங்கள். நிஜ மெஷினாக இருந்தால் மெஷின் அணைந்திருக்கும்போது ஹார்டுவேர் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். கடைசியாக, சரியான நேரத்தை ஹெச்டபிள்யூகிளாக் கமாண்டால் ஹார்டுவேர் கடிகாரத்திலும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் பழைய குருடி கதவைத் திறடி.

கேள்வி: என்டிபிடி-யின் நிலையைக் காட்டும் என்டிபிக்யூ கமாண்டில், ரீச் என்ற நெடுவரிசையில் எப்போதும் 0. ஆனால் அந்த டைம் சர்வருக்குப் பிங் அடித்தால் அழகாகப் பதில் வருகிறது. ஒரே ஒரு தடவை நேரம் கேட்கும் என்டிபிடேட் கமாண்டை யூ (-u) ஆப்ஷனோடு போட்டால் நேரம்கூட வாங்கிக் கொடுக்கிறது. பிறகு ஏன்?

பதில்: நானும் ஒரு தடவை பாதி ராத்திரியைத் தொலைத்தது இதே இடத்தில்தான். பிங் போவது ஐசிஎம்பி என்ற நெறிமுறையில், நேரம் கேட்கும் என்டிபி போவது யூடிபி என்ற வேறொரு நெறிமுறையின் 123-ம் போர்ட்டில். ஒன்று போகிறது என்பதற்காக மற்றது போகும் என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் உண்மையான துப்பு அந்த யூ ஆப்ஷன். என்டிபிடி கேள்வி அனுப்பும்போது தன் பக்கத்திலும் 123-ம் போர்ட்டையே பயன்படுத்தும், பதிலும் அங்கேதான் திரும்ப வர வேண்டும். யூ போட்ட என்டிபிடேட்டோ ஏதாவது ஒரு பெரிய எண் போர்ட்டிலிருந்து கேட்கும். அது வேலை செய்து இது வேலை செய்யவில்லை என்றால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் 123-க்குள் வருவதை மட்டும் தடுக்கிறது. பாக்கெட் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை யூடிபி 123 மட்டும் வடிகட்டி ஓட்டிப் பாருங்கள்: பாக்கெட் வெளியே போவது தெரியும், திரும்பி வருவது இருக்காது. அந்தப் பத்து வரியை நெட்வொர்க்காரர்களுக்கு அப்படியே அனுப்புங்கள், 'எங்கள் பக்கம் எல்லாம் ஓகே' என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

ரீச் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைச் சதவீதம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது ஆக்டல் எண், அதாவது எட்டை அடிமானமாகக் கொண்டது. கடைசி எட்டு முயற்சியில் எதற்கெல்லாம் பதில் வந்தது என்பதை எட்டு பிட்டில் வைத்திருக்கும். வழி திறந்ததும் 1, 3, 7, 17, 37, 77, 177 என்று ஏறி 377-இல் நிற்கும். எட்டும் வந்துவிட்டது என்று அர்த்தம். 376 என்று கண்டால் கடைசி ஒன்று மட்டும் தவறியிருக்கிறது, அதற்காகப் பதற வேண்டாம். தொடக்கத்தில் 64 விநாடிக்கு ஒரு முறைதான் கேட்கும் என்பதால் 377-ஐப் பார்க்க எட்டு ஒன்பது நிமிடம் ஆகும்.

கேள்வி: நம்பகத்துக்காக இரண்டு டைம் சர்வர் கொடுத்திருக்கிறோம். இரண்டிலும் ரீச் 377. ஆனாலும் சில நாள் எதன் முன்னாலும், தேர்ந்தெடுத்த சர்வரைக் காட்டும் நட்சத்திரக் குறி இல்லை, எக்ஸ் குறி மட்டும் நிற்கிறது.

பதில்: ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எக்ஸ் என்றால் 'இது பொய் சொல்கிறது என்று நினைக்கிறேன்' என்று அர்த்தம். இரண்டும் ஆளுக்கொரு நேரம் சொன்னால் எது பொய் என்று எப்படித் தீர்மானிப்பது? மூன்று இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தள்ளலாம். நாலு வைத்தால் ஒன்று படுத்துவிட்ட நாளிலும் மூன்று மிஞ்சும். அதனால் நாலு போடுங்கள். இரண்டு வைப்பதற்கு ஒன்றே மேல் என்பது என் கட்சி, சண்டையாவது இருக்காது. அப்படியே, சிஸ்டம்டி-யின் டைம்சிங்க்டி, விர்ச்சுவல் மெஷின் ஹோஸ்டின் நேர ஒத்திசைவு போன்ற வேறு ஏதாவது இதே கடிகாரத்தைப் பின்னாலிருந்து திருகுகிறதா என்றும் பாருங்கள். ஒரு கடிகாரத்துக்கு ஓர் எஜமான் போதும்.

கேள்வி: நேரம் சரியாகச் சில மணி, அல்லது சில மணியும் அரையும் தள்ளிக் காட்டுகிறது. விநாடி மட்டும் துல்லியம்!

பதில்: டைம்ஜோன். என்டிபி-க்கு ஜோன் என்றால் என்னவென்றே தெரியாது, அது பேசுவது யூடிசி என்ற உலகப் பொது நேரம் மட்டும். டேட் கமாண்டை யூ ஆப்ஷனோடு ஓட்டுங்கள், யூடிசி சரியாக வந்தால் என்டிபி-யைத் தொடாதீர்கள்.

கேள்வி: 3 விநாடி வித்தியாசம். டேட்டாபேஸ் இருப்பதால் தாவக் கூடாது என்று என்டிபிடி-யில் எக்ஸ் ஆப்ஷன் போட்டிருக்கிறோம். ஒரு மணி நேரம் ஆகியும் ஆஃப்செட் (அந்த வித்தியாசம்) பூஜ்யத்துக்கு வரவில்லை. பழுதா?

பதில்: பழுது இல்லை. தாவாமல் நகர்த்தும்போது 500 பிபிஎம்-க்கு மேல் வேகம் கிடையாது, ஒரு விநாடியைத் திருத்த 2000 விநாடி ஆகும். உங்களுடைய மூன்றுக்கு 6000 விநாடி, அதாவது ஒரு மணி நாற்பது நிமிடம். நடுவில் பொறுமை இழந்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்தால்.