பழகிக்கொள்ளும் மீன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடல் சூடாவதைப் பற்றி நீங்கள் எழுதியது கொஞ்சம் மிகையாகப் பட்டது. ஒன்றிரண்டு டிகிரி கூடினால் மீன் பழகிக்கொள்ளாதா? கோடி வருடமாகத் தண்ணீரில் இருப்பதுதானே? தேவனாம்பட்டினத்தில் மத்தி சிறுத்துவிட்டது என்கிறார்கள், அதற்கும் இதுதான் காரணமா? மீனில் பிளாஸ்டிக் என்று வாட்ஸாப்பில் வருகிறதே, சாப்பிடலாமா?

ம.
கடலூர் முதுநகர்

அன்புள்ள ம.,

வாட்ஸாப்பை விடுங்கள். 'பழகிக்கொள்ளாதா' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அது ஒரு வாரமாக உறுத்துகிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும். சித்தப்பா திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா விட்டிருந்தார். மீன் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று வண்டி வண்டியாகச் சாணி கொட்டினார். தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது. கத்திரி வெயிலில் ஒருநாள் விடியுமுன் போனோம். கரையோரம் முழுக்க மீன் வாய், திறந்து மூடித் திறந்து மூடி. சித்தப்பா வேட்டியோடு இறங்கித் தண்ணீரைக் கையால் அடித்தார். சூரியன் ஏறுவதற்குள் பாதி மீன் வயிறு காட்டி மிதந்தது. "வெயில் கொன்னுடுச்சு" என்றார். நடுமதியத்தைத் தாங்கிய மீன், இருப்பதிலேயே குளிர்ந்த நேரத்திலா சாகும்?

மூச்சு முட்டிச் செத்தன. 20 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ தண்ணீர்ச் சூடுதான் உடம்புச் சூடு. பத்து டிகிரி ஏறினால் அதற்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பகலில் பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதுவும் சேர்ந்து இழுக்கும். சாணி மட்கவும் அதே ஆக்சிஜன்தான். விடியும்போது கல்லா காலி.

பழகுவது சும்மா வருமா தம்பி? மூச்சு போதாத மீன் செவுளை வேகமாக அடிக்கும், ரத்தத்தை அங்கே கூடுதலாக அனுப்பும். செவுளின் தோலோ அத்தனை மெல்லிசு. ஆக்சிஜன் நுழைகிற வழியிலேயே கடல்மீனின் உடம்புத் தண்ணீர் வெளியே போகும், உப்பு உள்ளே வரும். ஈடுகட்டக் கடலைக் குடிக்க வேண்டும், உப்பை வெளியே தள்ள வேண்டும். அதற்குச் சக்தி. சூட்டில் குலையும் புரதங்களைப் பிடித்து நிறுத்த வேறு புரதங்கள் செய்ய வேண்டும். அதற்கும் சக்தி. எங்கிருந்து எடுக்கும்? வளர்த்தியிலிருந்து, சினையிலிருந்து. நீங்கள் கரையில் நின்று, உயிரோடுதானே இருக்கிறது, பழகிவிட்டது என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

அந்தக் குளத்தில் விரால் சாகவில்லை. மேலே வந்து 'களக்'கென்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. அதன் தலைக்குள் காற்றுக்கென்றே ஒரு அறை உண்டு. நீங்கள் சொன்ன கோடி வருடம் கட்டிக்கொடுத்த அறை அது. ஒரு கோடையில் வந்ததல்ல. அந்த வருடம் சித்தப்பா விராலை விற்றுத்தான் குத்தகைப் பணம் கட்டினார்.

மத்திக்கு அந்த அறை கிடையாது. சிறுத்ததற்கு வெயிலை மட்டும் நான் கைகாட்ட மாட்டேன். இரையும் உண்டு, சின்னக் கண்ணி வலையும் உண்டு. சாப்பிடலாமா என்றால், செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் மீன் புதுசு, வாங்குங்கள். பிளாஸ்டிக்கைச் செவுள் காட்டாது.