எண் சரிதான், திட்டம்தான் வேறு

வணக்கம். சீனத்துக் கிராம முதியவருக்குச் சராசரி ஓய்வூதியம் மாதம் 200 யுவான் சொச்சம், நகரத்து ஓய்வூதியருக்கு 3,000-க்கு மேல் என்று வருகிறதே, தரவில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, எண் சரிதான். இரண்டும் வெவ்வேறு திட்டங்கள். நகர ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள். நிறுவனம் 16 சதவீதம் வரை கட்டும். விவசாயிக்கு அப்படிக் கட்ட யார் இருக்கிறார்கள்? 2009-இல் கிராமத் திட்டம் தொடங்கியபோது அடிப்படைத் தொகை 55 யுவான். 2024-இல்கூடத் தேசியக் குறைந்தபட்சம் 123தான். எழுபது வயதிலும் பலர் வயலில் நிற்பது இதனால்தான். நினைத்தாலே மனம் கனக்கிறது.

அப்புறம், நகரத்தில் கட்டட வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். குடும்பப் பதிவான ஹுகோவ் ஊரில் இருப்பதால், அவர்களில் பலருக்கும் கடைசியில் கிடைப்பது கிராமத் திட்டத் தொகைதான்.