பியானோ வகுப்பு அல்ல, மினிமம் டியூதான் சிக்கல்

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு கல்லூரியில் மேற்கத்திய இசை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் கிரேடு 5 முடித்துவிட்டு 6-க்குத் தயாராகிறான். கல்லூரி வகுப்பு போக, ஒரு மியூசிக் சென்டரில் வாரம் இரண்டு தனி வகுப்பு. ஒன்றுக்கு 1,200 ரூபாய், மாதம் 9,600. ரிவார்டு பாயிண்ட் வருகிறதே என்று ஓராண்டாக கிரெடிட் கார்டில் தேய்க்கிறேன். பாக்கி 1,10,000 ஆகிவிட்டது. பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை, அதாவது மினிமம் டியூவாக மாதம் 6,000 தவறாமல் கட்டுகிறேன். சம்பளம் 58,000. வீட்டுச் செலவு, வீட்டுக் கடன், கல்லூரிக் கட்டணம் போக 14,000 நிற்கும். அதில் கார்டுக்கு 6,000, வங்கியில் மாதாமாதம் போடும் ஆர்.டி. சேமிப்புக்கு 5,000 போகிறது. ஆர்.டி.யில் 60,000 சேர்ந்திருக்கிறது. என் மச்சான், ‘பையனுக்கு நல்ல அக்கூஸ்டிக் பியானோ, கம்பியில் ஒலிக்கும் அசல் பியானோ வாங்கு, 3 லட்சம் பர்சனல் லோன் போடு, படிப்புக்கு என்றால் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு’ என்கிறார். வகுப்பை நிறுத்திவிடலாமா என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?
- வாசகர், தாம்பரம்

பதில்: வகுப்பை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது, மினிமம் டியூவைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் பழக்கத்தை.

உங்கள் கார்டு பில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள். மாதம் 3.5% போல வட்டி போட்டிருப்பார்கள். 1,10,000-க்கு 3,850 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. 693. ஆக, நீங்கள் கட்டும் 6,000-ல் 4,500-க்கு மேல் வட்டியும் வரியுமே தின்றுவிடுகிறது. அசலில் குறைவது 1,450. அதே மாதம் புதிதாக 9,600 தேய்க்கிறீர்கள். பாக்கி ஏறாமல் என்ன செய்யும்?

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு அந்த ‘வட்டியில்லா 45 நாள்’ கிடையாது. இந்த மாத வகுப்புக் கட்டணத்துக்கு, தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். இப்படியே போனால் அடுத்த ஆண்டு இதே நேரம் பாக்கி இரண்டு லட்சத்தைத் தாண்டும். 9,600 தேய்த்ததற்குப் பாயிண்டாக நூறு ரூபாய் தேறினால் அதிகம். இந்தப் பாயிண்ட் மோகத்தைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, வழி. ஆர்.டி.யை முறியுங்கள். 60,000-க்கு அங்கே மாதம் 350 ரூபாய் போல வட்டி வருகிறது. அதே 60,000-க்குக் கார்டில் நீங்கள் கொடுப்பது ஏறக்குறைய 2,500. முன்கூட்டி முடிப்பதற்குக் கொஞ்சம் பிடித்தம் செய்தாலும் பரவாயில்லை. மீதி 50,000-க்கு வீட்டில் கேட்டு, வங்கியில் நகைக் கடன் வாங்குங்கள். வட்டி 10% என்று வைத்தாலும் மாதம் 4,400 வீதம் ஓராண்டில் முடிந்துவிடும். வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பித் திருப்பி வைத்தால், அது இதே மினிமம் டியூ கதைதான்.

இனி வகுப்பு. வாரம் ஒன்று போதும் என்பது என் கருத்து. கல்லூரி ஆசிரியர் ஒரு பாடம் தருகிறார், சென்டரில் இரண்டு. இரண்டு கைக்கும் தனித்தனி மெட்டு ஓடும் ஒரு பாடத்தை முதலில் வலது கை, அப்புறம் இடது கை என்று பழகி, தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியில் மெதுவாக வைத்துச் சேர்க்கவே ஒரு வாரம் பற்றாது. அதற்குள் மூன்று வகுப்பு என்றால் பையன் எப்போது பயிற்சி செய்வான்? ஆனாலும் நான் கணக்குப் பார்ப்பவன். கல்லூரி ஆசிரியரிடம் மகனையே கேட்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் வாரம் இரண்டு என்று அவர் சொன்னால் அதற்குத் தனியாக ஒதுக்கலாம்.

வகுப்புக்கு 4,800, நகைக் கடனுக்கு 4,400. உங்கள் 14,000-ல் இன்னும் 4,800 மிஞ்சுகிறது. கிரேடு 5 முடித்தவன் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் இரண்டு பேருக்கு ஆரம்பப் பாடம் எடுக்கலாம். தலைக்கு 2,000 வந்தால்கூட அவன் கட்டணத்தில் பெரும்பகுதி அவனே கொடுத்ததாகும்.

மச்சான் சொல்லும் பியானோ? 3 லட்சம், 14% வட்டி, மூன்று ஆண்டு என்றால் மாதத் தவணை 10,250. மொத்தம் 3,69,000. வாங்கியதோடு முடியாது, சென்னைக் காற்றின் ஈரத்தில் சுருதி சேர்க்க அடிக்கடி ட்யூனரைக் கூப்பிட வேண்டியிருக்கும். வீட்டில் 88 கட்டைகளும் கனமாக அமுங்கும் டிஜிட்டல் பியானோ இருந்தால் இப்போதைக்கு ஓட்டலாம். அக்கூஸ்டிக் தொடுகை இந்தக் கட்டத்தில் தேவைதான், மறுக்கவில்லை. அதற்குக் கல்லூரியின் பயிற்சி அறையில் தினம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கட்டும். வரிச்சலுகை, உயர்கல்விக்கென்று வாங்கும் கல்விக் கடனின் வட்டிக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில். பியானோவுக்கு வாங்கும் பர்சனல் லோனுக்கு இல்லை. மச்சானிடம், ‘படிப்பு முடியட்டும், பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுங்கள். அவர் தவணை கட்டப் போவதில்லை.

கார்டை அடைக்கும் நாளில் பில்லில் உள்ள தொகையை மட்டும் கட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். பில் தேதியிலிருந்து கட்டும் நாள் வரையிலான வட்டி அடுத்த பில்லில் வந்து நிற்கும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு அன்றைய முழுப் பாக்கியைக் கேட்டுக் கட்டுங்கள். அடுத்த மாதப் பில்லில் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கார்டின் வரம்பை 20,000-க்குக் குறைக்கச் சொல்லுங்கள்.