ஜிமாட் பரீட்சைக்கு மீண்டும் தோற்றலாமா? முதலில் கடன் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: நான் கொக்குவிலைச் சேர்ந்தவள், வயது 28. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 130,000 ரூபா. சிங்கப்பூரில் எம்.பி.ஏ. படிக்க விரும்பி, ஓகஸ்ட் மாதம் கொழும்பில், அந்தப் படிப்புக்கான அனுமதிக்குக் கல்லூரிகள் பார்க்கும் ஜிமாட் (GMAT) பரீட்சைக்குத் தோற்றினேன். மொத்தம் 585 புள்ளிகள். கணிதப் பகுதியில் 82, மொழிப் பகுதியில் 79, தரவுப் பகுதியில் 76. அதற்கு முன் வீட்டில் செய்துபார்த்த இரண்டு உத்தியோகபூர்வ மாதிரிப் பரீட்சைகளில் 615, 625 வந்திருந்தன. முதல் நாள் இரவு பஸ்ஸில் புறப்பட்டு, விடியக் கொழும்பில் இறங்கி, அன்று காலையே எழுதினேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, 700 இல்லாவிட்டால் நல்ல இடம் கிடைக்காது, திரும்ப எழுது என்கிறார். கொழும்பில் ஒரு வகுப்புக்கு 160,000 ரூபா கேட்கிறார்கள். படிப்புக்கும் இருப்புக்குமாக 75,000 அமெரிக்க டொலர் தேவைப்படும். அதில் கல்விக் கட்டணம் 55,000. என் சேமிப்பு 18 லட்சம், அண்ணா 50 லட்சம் தருவார். மீதிக்கு, எனக்கென்று வைத்திருக்கும் காணியை ஈடு வைக்கலாம் என்கிறார் அப்பா. அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. மீண்டும் எழுதலாமா, ஐயா?

பதில்: எழுதுங்கள். ஆனால் ஒரே ஒரு தடவை எழுதுங்கள். வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். காணி உறுதி இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். இந்த மூன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருப்பதால் பதில் சற்று நீளும்.

முதலில், அண்ணா சொல்லும் 700 பற்றி. அவர் சொல்வது பிழையல்ல, பழையது. ஜிமாட் 2023 நவம்பரில் புதிய வடிவத்துக்கு மாறியது. பழைய வடிவம் 2024 ஜனவரி இறுதியோடு நிறுத்தப்பட்டது. பழையதில் மொத்தப் புள்ளி 200 இலிருந்து 800 வரை போகும், கடைசி இலக்கம் பூச்சியமாக இருக்கும். புதியதில் 205 இலிருந்து 805 வரை, கடைசி இலக்கம் எப்போதும் 5. இரண்டு அளவுகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால், முன்பு எழுதியவர்களின் அறிவுரையை இன்றைய பெறுபேற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்த்துப் பலர் வீணாக மனம் உடைந்துபோகிறார்கள். பரீட்சையை நடத்தும் அமைப்பின் ஒப்பீட்டு அட்டவணையில், பழைய 700 க்கு நிகராக நிற்பது புதிய 645 அளவில்தான். புதிய அளவில் 705 எடுப்பவர்கள் நூற்றுக்கு இரண்டொருவரே. ஆகவே உங்களுக்கும் அண்ணா சொல்லும் தரத்துக்கும் இடையில் உள்ள தூரம் 115 அல்ல, 60.

அந்த 60 எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 60 முதல் 90 வரை புள்ளி வழங்கப்படுகிறது; மூன்றுக்கும் சம எடை. எனவே எந்தப் பகுதியில் ஒரு புள்ளி கூடினாலும் மொத்தத்தில் ஏறக்குறைய 7 கூடும். உங்கள் மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை 237. 645 க்கு 246 வேண்டும். கணிதத்தில் 82 எடுத்த நீங்கள் அங்கே மேலும் நேரத்தைச் செலவழிப்பதில் பெரிய பலன் இல்லை. குறை தரவுப் பகுதியில் கிடக்கிறது. அட்டவணையையும் வரைபடத்தையும் தினமும் பார்க்கும் வங்கி ஊழியர் ஒருவருக்கு 76 என்பது அவருடைய இயல்பான அளவாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கேதான் அந்த இரவு பஸ் முக்கியமாகிறது. எட்டு மணித்தியாலம் இருந்தபடி தூங்கிப் போனவர், பகுதிக்கு 45 நிமிடமாக மொத்தம் 2 மணித்தியாலம் 15 நிமிடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. நடுவில் விரும்பினால் 10 நிமிட இடைவேளை, அவ்வளவுதான். எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பதைப் பரீட்சார்த்தியே தெரிவு செய்யலாம். தரவுப் பகுதியை நீங்கள் கடைசியாக வைத்திருந்தீர்கள் என்றால் அந்த 76 இல் ஒரு பங்கு களைப்பின் கணக்கில் சேர வேண்டியது. அடுத்த தடவை முதல் நாள் பகலிலேயே போய் வெள்ளவத்தையில் ஓர் இரவு தங்குங்கள். தரவுப் பகுதியை முதலாவதாகவோ, இடைவேளைக்குப் பிறகு உடனேயோ எழுதுங்கள். வீட்டிலிருந்தபடி இணையத்தில் எழுதும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் நடுவில் மின்சாரம் நின்றாலோ இணைப்பு அறுந்தாலோ வரும் வில்லங்கத்தை நினைத்தால், வெள்ளவத்தை அறை வாடகை மலிவு என்பேன்.

மாதிரிப் பரீட்சைகளில் 615 உம் 625 உம் வந்து, உண்மைப் பரீட்சையில் 585 வந்திருப்பதே நான் உங்களை மீண்டும் எழுதச் சொல்வதற்கு முதற்காரணம். அங்கும் 585 ஐச் சுற்றியே வந்திருந்தால், இப்போது உள்ளதை வைத்து விண்ணப்பியுங்கள் என்று சொல்லியிருப்பேன். அதே நேரம், ஒரே ஆள் அடுத்தடுத்து எழுதினாலும் 20, 30 புள்ளிகள் ஏறி இறங்குவது இயல்பு. ஆகவே 645 ஐ எதிர்பார்த்துப் போகாமல், 615 அல்லது 625 வந்தால் போதும் என்ற மனத்தோடு போங்கள்.

இனிப் பணக் கணக்கு. பரீட்சைக் கட்டணம் சுமார் 275 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 82,500 ரூபா. கடனட்டையில் செலுத்தும்போது வங்கி எடுக்கும் மாற்றுக் கட்டணம், போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 110,000 ரூபாவுக்குள் முடித்துவிடலாம். உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி இது என்பது உண்மை. ஆனால் எதற்கு எதிராக இதை நிறுக்கிறோம் என்பதைப் பாருங்கள். கல்விக் கட்டணத்தில் 30 வீதம் புலமைப்பரிசிலாகக் கிடைத்தால் அது 16,500 டொலர், அதாவது 49 லட்சத்து 50 ஆயிரம் ரூபா. கூடிய புள்ளியால் அது கிடைக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று மிகக் குறைத்து மதிப்பிட்டாலும், அந்த வாய்ப்பின் பெறுமதி ஏறக்குறைய இரண்டரை லட்சம். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை அதற்காகப் போடுவது நியாயமான முதலீடு. அனுமதி கிடைக்கும் வாய்ப்பு கூடுவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

வகுப்புக்கான 160,000 ரூபாவுக்கு இதே நியாயம் பொருந்தாது. உங்கள் குறை பாடம் தெரியாமையால் வந்ததல்ல என்பதை மாதிரிப் பரீட்சைகள் காட்டுகின்றன. போதாக்குறைக்கு, புதிய வடிவத்தில் கட்டுரை எழுதும் பகுதி இல்லை. வாக்கியத் திருத்தம் இல்லை. கணிதப் பகுதியில் கேத்திரகணிதம் இல்லை. எந்த வகுப்பிலாவது சேர எண்ணினால், முதலில் அவர்களுடைய குறிப்புப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். வாக்கியத் திருத்தத்துக்கு ஐம்பது பக்கம் ஒதுக்கியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். இல்லாத பகுதிக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்து மேலதிக உத்தியோகபூர்வ மாதிரிப் பரீட்சை ஒன்றை வாங்கி, தரவுப் பகுதியில் நேரம் எந்தக் கேள்வி வகையில் போகிறது என்று குறித்து வைப்பது கூடுதலாக உதவும். திரையில் கணிப்பானைப் பயன்படுத்த அனுமதி இருப்பது அந்தப் பகுதியில் மட்டுமே. கணிதம் நன்றாக வரும் நம் பிள்ளைகள் மனக்கணக்கை நம்பி அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் அதைத் தட்டி நேரத்தை இழக்கிறார்கள். இரண்டும் பழக்கத்தால் திருந்தக்கூடியவை.

ஒரு தடவை மட்டும் என்று நான் வரையறுப்பதற்கும் காரணம் உண்டு. பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து தடவை வரை எழுதலாம், இரண்டு தடவைக்கிடையே 16 நாள் விட்டால் போதும் என்று விதி இடம் கொடுக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் பரீட்சை என்றாலே உயர்தரம்தான் நினைவுக்கு வரும். முதற் தடவை சரிவரவில்லை என்றால் இரண்டாம் தடவை, அதுவும் போனால் மூன்றாம் தடவை என்று பிள்ளையை இருத்தி எழுதுவிப்பதில் நமக்குத் தயக்கமே இல்லை. அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளியின் நாலாம் தசமம் கூட மருத்துவ பீடத்துக்கும் வேறு பீடத்துக்கும் இடையில் கோடு கீறிவிடும். எம்.பி.ஏ. அனுமதி அப்படி வெட்டுப்புள்ளி வைத்து நடப்பதல்ல. ஆறு ஆண்டு வங்கி அனுபவம், பரிந்துரைக் கடிதங்கள், எழுதிக் கொடுக்கும் கட்டுரைகள், நேர்முகம் எல்லாவற்றோடும் சேர்த்தே புள்ளி பார்க்கப்படுகிறது. கல்லூரி வெளியிடும் மாணவர் விபரத்தில், உள்ளே வந்தவர்களில் பெரும்பாலானோரின் புள்ளி எந்த எல்லைக்குள் இருந்தது என்று போட்டிருப்பார்கள். அது பழைய அளவா புதிய அளவா என்று கவனியுங்கள். அந்த எல்லைக்கு வெளியே நிற்பவர் உள்ளே வருவதற்கு 30 புள்ளி பெரிதும் உதவும். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அதே 30 புள்ளியால் வரும் நன்மை குறைவு. அதற்குப் பிறகு மூன்றாம், நாலாம் தடவை எழுதும் நேரத்தைக் கட்டுரைகளுக்குக் கொடுப்பதே நல்லது.

காணி விடயத்தில் நான் அம்மாவின் பக்கம். 75,000 டொலர் என்பது 2 கோடி 25 லட்சம் ரூபா. உங்கள் 18 லட்சத்தையும் அண்ணாவின் 50 லட்சத்தையும் கழித்தால் 1 கோடி 57 லட்சம் மிஞ்சுகிறது. அதை 14 வீத வட்டிக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம்: முதல் தொகையில் ஒரு சதம் கூடக் குறையாமல், வட்டி மட்டும் மாதம் ஏறக்குறைய 183,000 ரூபா. இன்று உங்கள் கைக்கு வரும் சம்பளம் 130,000. முன்னே சொன்ன 30 வீதப் புலமைப்பரிசில் கிடைத்தாலும் கடன் 1 கோடி 7 லட்சத்து 50 ஆயிரமாகக் குறையுமே தவிர இல்லாமற் போகாது; வட்டி அப்போதும் மாதம் 125,000 ரூபாவைத் தாண்டும். சிங்கப்பூரில் வேலை கிடைத்து அங்கேயே சில ஆண்டுகள் இருந்தால் இது சமாளிக்கக்கூடிய கடன். வேலை அனுமதி கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினால், யாழ்ப்பாணத்தில் எந்த வங்கிச் சம்பளமும் இதைத் தாங்காது. அந்த நிலையில் முதலில் கைமாறுவது ஈடு வைத்த காணிதான்.

நாணய மாற்று விகிதத்தையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ஐ எட்டியது. அந்த ஆண்டு வெளிநாட்டுப் படிப்புக்கென்று ரூபாவில் பணம் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள், ஒரு சதமும் செலவழிக்காமலே கையிலிருந்ததன் டொலர் பெறுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை இழந்தன. உங்கள் செலவு முழுவதும் வெளிநாட்டு நாணயத்தில். ஈட்டுக் கடன் ரூபாவில். இடையில் ரூபா மறுபடி சரிந்தால் இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு இன்னொரு காணி தேட வேண்டிவரும்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இப்படியான கேள்விகளின் பின்னால் பெரும்பாலும் அது வருகிறது. அதில் 30 வீதத்தை முன்கூட்டிப் பெறும் வசதி வீட்டுத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் மட்டுமே, படிப்புக்கு இல்லை.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு நாளைப் பதிவு செய்யுங்கள். வேலையை விட வேண்டாம். நீண்ட விடுப்பும் வேண்டாம். காலையில் ஒரு மணித்தியாலமும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுப் பரீட்சையும் போதும். புள்ளியைப் பார்த்த பிறகே எந்தக் கல்லூரிக்கு எந்தப் பெறுபேற்றை அனுப்புவது என்று தீர்மானிக்கலாம்; நீங்கள் அனுப்பாததை அவர்கள் பார்க்க மாட்டார்கள். எனவே புள்ளி குறைந்து போனாலும் 585 உங்களிடமே இருக்கும். அது ஐந்து ஆண்டுக்குச் செல்லுபடியாகும். 615 அல்லது அதற்கு மேல் வந்தால் புதியதையும், வராவிட்டால் இரண்டில் கூடியதையும் வைத்து ஜனவரிச் சுற்றிலேயே விண்ணப்பியுங்கள். புலமைப்பரிசிலுக்கு ஒதுக்கிய பணம் பிந்திய சுற்றுகளில் மெலிந்துவிடுவது வழக்கம் என்பதால், பத்தோ இருபதோ புள்ளிக்காக ஒரு சுற்றைத் தவறவிட வேண்டாம்.

பதில் கடிதம் வந்த பிறகுதான் உண்மையான முடிவு. கல்விக் கட்டணத்தில் பாதியளவாவது புலமைப்பரிசில் கிடைத்தால், மீதிக் கடனைப் பற்றிக் குடும்பமாக இருந்து பேசலாம். அதற்குக் குறைவாக இருந்தால், என் அபிப்பிராயம் போகாமல் விடுவதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கொழும்பிலும் வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய எம்.பி.ஏ. இருக்கிறது, செலவு சிங்கப்பூர்க் கணக்கில் ஒரு சிறு பங்கு, சம்பளமும் நிற்காது. சிங்கப்பூர்ச் சம்பளத்தை அது தராது என்பது உண்மைதான். ஆனால் வங்கிக்குள்ளேயே மேலே போக நினைப்பவருக்கு அது குறைந்த வழியல்ல.

அண்ணாவிடம் இரண்டு விடயம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 50 லட்சம் அன்பளிப்பா, திருப்பிக் கொடுக்க வேண்டியதா, கொடுப்பதென்றால் எந்த நாணயத்தில் என்பதை இப்போதே தெளிவாகப் பேசி, ஒரு மின்னஞ்சலிலாவது எழுதிக்கொள்ளுங்கள். அண்ணி இருக்கிறார் என்றால் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அத்தோடு, பணத்தை இப்போதே இங்கே அனுப்பி ரூபாவில் நிலையான வைப்பில் போடச் சொல்ல வேண்டாம். வைப்பு வட்டி கூடுதலாகத் தெரிந்தாலும், கட்டணம் கட்டும் நாள் வரை அது கனடிய டொலரிலேயே அவருடைய கணக்கில் இருந்து, அங்கிருந்து நேரே கல்லூரிக்குப் போகட்டும்.